முறைப்பாடு: குடும்பிமலை ஒருநாள் நடைப்பயணக் காசைத் திருப்பித் தரக் கோரல்

முகாமையாளர் அவர்களுக்கு,

வணக்கம். நாங்கள் 18 பேர் கட்டிய 81,000 ரூபாவைக் கேட்டால் உங்கள் மட்டக்களப்பு அலுவலகம் முகவரைக் கை காட்டுகிறது, முகவர் அலுவலகத்தைக் கை காட்டுகிறார். அலைந்து களைத்து, இப்போது எழுத்தில் தருகிறேன்.

“புயல் இயற்கை அனர்த்தம், காசு திரும்பாது” என்கிறீர்கள். புயல் ஓய்ந்து மூன்று கிழமைக்குப் பிறகுதான் நடை. முதல்நாள் ஒருவர் பாதையை நடந்து பார்த்திருந்தால் முதலாவது ஓடையிலேயே விளங்கியிருக்கும்: கரையின் அடிமண் அரித்துப்போய் மேல்விளிம்பு வெறும் வேரில் நிற்கிறது. அதற்கப்பால் பாலை மரமும் வீரை மரமும் பாதைக்குக் குறுக்கே விழுந்து கிடக்கின்றன. வேரோடு சாய்ந்த மரத்தின் தண்டை அறுத்தால், பாரம் விட்ட அடிக்கட்டை வேரும் மண்ணுமாக நிமிர்ந்து பழைய குழிக்குள் விழும். அந்தக் குழி வழியாகத்தான் உங்கள் வழிகாட்டி ஆட்களை இறக்கினார், அதுவும் கத்தியால் கொத்திக்கொண்டே. விழுந்த மரத்தின் கீழ் அகப்பட்டு வில்லாக வளைந்த கன்றை வெளிவளைவில் ஒரே போடாகப் போட்டார். அப்படி வெட்டினால் கன்று நிமிர்ந்து முகத்தில் அடிக்கும். உள்வளைவில் கொஞ்சம் கொஞ்சமாகச் சீவி விசையைத் தளர்த்த வேண்டும். காட்டு நடை விற்கும் உங்களுக்கு இது தெரியாததல்ல.

சாப்பாட்டுக்கு இருத்தியது முறிந்து தொங்கும் கொப்புக்கு நேர் கீழே. காற்றில்லாமலே விழக்கூடிய கொப்பு அது.

வாழைச்சேனை முகவரைப் பற்றிச் சொல்லாமல் விடமுடியாது. பற்றுச்சீட்டோடு போகச் சொன்னது உங்கள் அலுவலகம். போனால் தொலைபேசியிலிருந்து கண் எடுக்காமல், எங்களில் மூத்த அக்காவைப் பார்த்து, “காடெண்டா மரம் விழும்தானே, பயமெண்டா வீட்ட இருந்திருக்கலாம்” என்கிறார். காசு வாங்கும்போது “வாங்க அக்கா, இருங்க அக்கா” என்ற அதே வாய்!

18 பேருக்கு ஒரே வழிகாட்டி என்பதும் இருக்கிறது. விழுந்த மரத்தைச் சுற்றிப் போகும்போதுதான் ஆள் பிரியும். முன்னுக்கு ஒருவர், கடைசியில் ஒருவர், ஒவ்வொரு சுற்றுக்கும் பிறகு தலை எண்ண வேண்டும். யானை நடமாடும் காட்டில், கொப்புக் குவியல் பார்வையை மறைக்கும்போது, யாரும் எண்ணவில்லை. பாதி வழியில் திரும்பினோம். எங்கள் குழுவே இதோடு முடிந்தது, இனி ஒருவரும் காட்டுப் பக்கம் வரமாட்டார்கள். அதற்கு நீங்கள் என்ன விலை தருவீர்கள்?

தயவுசெய்து 14 நாட்களுக்குள் முழுக் காசையும் கட்டிய கணக்குக்கே அனுப்புங்கள். அந்த அக்காவிடம் முகவர் நேரில் மன்னிப்புக் கேட்கட்டும். தவறினால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்குப் போவோம். சேவை பெற்று 3 மாதத்துக்குள் எழுத்தில் முறையிட இடமுண்டு, எங்களுக்குக் காலம் மிச்சமிருக்கிறது. படங்களும் பற்றுச்சீட்டும் கைவசம் உள்ளன.

வனத் திணைக்களத்தின் அனுமதியோடு பாதை துப்புரவாகும்வரை அடுத்த குழுவை அனுப்பாதீர்கள்.

இப்படிக்கு,
குழுவின் சார்பில்