பூங்காவில் கோடைக் கச்சேரி: சென்னை மாநகராட்சிக்கு ஒரு திறந்த மடல்

வணக்கத்திற்குரிய மேயர் அவர்களுக்கும், ஆணையர் அவர்களுக்கும், பூங்காக்களைப் பராமரிக்கும் அலுவலர்களுக்கும் வணக்கம்.

கோரிக்கையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மே மாதம் தொடங்கி ஆடி முடியும் வரை, சனிக்கிழமைதோறும் மாலை ஆறரை மணிக்கு, ஏதாவது ஒரு மாநகராட்சிப் பூங்காவில் கட்டணமில்லாக் கச்சேரி நடக்க வேண்டும். அதில் முதலிடம் நாகஸ்வரத்துக்கும் தவிலுக்கும் கிடைக்க வேண்டும். கலைஞர்களுக்கு உரிய சன்மானத்தை மாநகராட்சியே தர வேண்டும். முதல் கச்சேரி வடசென்னை ராயபுரத்தில் நடக்க வேண்டும்.

கச்சேரி நடத்தும் சபாக்கள்தான் இருக்கின்றனவே என்று நீங்கள் கேட்கலாம். இருக்கின்றன. அங்கே இலவசக் கச்சேரிகளும் நிறையவே நடக்கின்றன. ஆனால் குளிரூட்டிய அரங்கின் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போகும் துணிவு எல்லோருக்கும் வருவதில்லை. எந்த இடத்தில் கைதட்டுவது, குழந்தை அழுதால் என்ன செய்வது, பாதியில் எழுந்தால் யாராவது முறைப்பார்களோ என்ற கூச்சம் பலரை வாசலோடு நிறுத்திவிடுகிறது. பூங்காவில் அது இல்லை. நடைப்பயிற்சிக்கு வந்தவர் ஒரு ராகத்தைக் கேட்டு நிற்கலாம். பிடிக்காவிட்டால் நடையைத் தொடரலாம். குழந்தை ஊஞ்சலில் ஆடிக்கொண்டே கேட்கலாம்.

இந்த இசையின் பெரும்பகுதி திறந்தவெளியில் வளர்ந்தது. சுவாமி புறப்பாட்டுக்கு உரிய மல்லாரி என்ற இசையை வாசித்துக் கிளம்பும் நாகஸ்வரக் குழு, வீதி முனைகளில் நின்று விரிவாக ராகம் வாசிக்கும். கேட்பவர்கள் திண்ணையிலும் தெருவிலும் நின்றபடி கேட்டார்கள். நாகஸ்வர மேதை டி.என். ராஜரத்தினம் பிள்ளையின் தோடி ராகத்தைப் பற்றி இன்றும் பேசுகிறோம்; அப்படிப்பட்ட தோடிக்குக் காது பழகியவர்களில் சபா உறுப்பினர் அட்டை இல்லாதவர்கள் எத்தனையோ பேர். டிக்கெட்டும் சுவரும் பிறகு வந்தவை.

அதே நாகஸ்வரத்துக்கு இன்று கிடைக்கும் இடம் எது? இசைவிழாவின் தொடக்க நாளில் மங்கள இசை என்று ஒரு சிறு பொழுது. மற்றபடி கல்யாண மண்டபம். அண்மையில் ஒரு திருமண வரவேற்பில் கவனித்தேன். வித்துவான், நாகஸ்வரத்தின் முனையில் பொருத்தி ஊதும் சீவாளிகள் கொத்தாகத் தொங்க, அவற்றில் ஒன்றைத் தேர்ந்து, வாயில் வைத்து ஈரமாக்கி, ஊதிப் பார்த்தார். திருப்தியில்லை; இன்னொன்றை எடுத்தார். தவில்காரர் வலக்கை விரல்களில் உறைபோன்ற கூடுகளை ஒவ்வொன்றாக மாட்டிக்கொண்டு காத்திருந்தார். அவ்வளவு அக்கறையோடு தொடங்கிய காம்போதி ராகத்தின் நடுவில் ஒருவர் வந்து, புகைப்படம் எடுக்கிறார்கள், கொஞ்சம் நிறுத்துங்கள் என்றார். நிறுத்தினார்கள். அந்தக் காம்போதி பிறகு தொடரவே இல்லை. அதை உட்கார்ந்து கேட்க ஆளில்லாத ஊரல்ல இது. கேட்பவரும் வாசிப்பவரும் சந்திக்க ஓர் இடம் இல்லை, அவ்வளவுதான்.

வருமானமும் இதில் சேர்ந்திருக்கிறது. ஆடியில் முகூர்த்தம் கிடையாது. அம்மன் கோயில் திருவிழா கிடைத்தவர்களுக்குப் பரவாயில்லை. கிடைக்காதவர்களுக்கு அது கையைக் கட்டிப்போடும் மாதம். அதனால்தான் மே மாதத்தோடு நிறுத்தாமல் ஆடி வரை கேட்கிறேன்.

இசைஞர்களுக்கு வேலை தருவதற்காக ஒரு நகரம் பூங்காவைத் திறந்துவிட்டதற்கு முன்னுதாரணம் உண்டு. அமெரிக்காவில் பேசும்படம் வந்தபின், மௌனப்படங்களுக்குத் திரையரங்கில் வாசித்துப் பிழைத்த இசைஞர்கள் வேலையிழந்தார்கள். கூடவே பொருளாதாரப் பெருமந்தமும் சேர்ந்துகொண்டது. சிகாகோ இசைஞர் தொழிற்சங்கத்தின் தலைவர் ஜேம்ஸ் பெட்ரில்லோ முன்னின்று முயன்றதில், 1935 கோடையில் கிராண்ட் பூங்காவில் இலவசக் கச்சேரிகள் தொடங்கின. அந்தத் தொடர் 90 ஆண்டுகளைத் தாண்டி இன்றும் நடக்கிறது. 2004இல் அதற்கென்று பெரிய அரங்க மேடையே எழுந்தது. புல்வெளியின் மேல் எஃகுக் குழாய்களால் பந்தல்போல வலை பின்னி, அதில் ஒலிபெருக்கிகளைத் தொங்கவிட்டு, கடைசி வரிசைக்கும் தெளிவாகக் கேட்கும்படி செய்திருக்கிறார்கள். நமக்கு அந்த எஃகுப் பந்தல் வேண்டாம். இசைஞரின் கூலியும் குடிமக்களின் மாலைப்பொழுதும் ஒரே செலவில் அடங்கும் என்ற அந்தக் கணக்கு போதும்.

நம் ஊருக்கும் இது புதிதல்ல. 2007இல் சென்னை சங்கமம் என்ற கலைவிழா பூங்காக்களுக்கும் தெருக்களுக்கும் கலைஞர்களை அழைத்துவந்தது. 2023 முதல் பொங்கலையொட்டி மறுபடி நடக்கிறது. மயிலாப்பூர் நாகேஸ்வர ராவ் பூங்காவில் இளம் கலைஞர்கள் ஒலிபெருக்கி இல்லாமலே ஞாயிறு காலைகளில் கச்சேரி செய்திருக்கிறார்கள். ஆக, செய்யத் தெரியாது என்று சொல்வதற்கில்லை. பொங்கலோடு முடிந்துவிடாமல், மயிலாப்பூரோடு நின்றுவிடாமல், வாராவாரம் நடப்பதுதான் தேவை.

ராயபுரம் ஏன் என்று விளக்கியாக வேண்டும். கர்நாடக இசை என்றாலே மயிலாப்பூர், தி.நகர் என்று ஒரு வரைபடம் நம் மனதில் பதிந்திருக்கிறது. வரலாறு அப்படி இல்லை; வடசென்னைக்கும் அதில் இடமுண்டு. முத்துசுவாமி தீட்சிதரின் குடும்பம் தங்கி வாழ்ந்தது இன்று ஆலைகளின் ஊராக நாம் அறியும் மணலியில். தியாகராஜர் பட்டணத்துக்கு வந்தபோது திருவொற்றியூர் திரிபுரசுந்தரி மேல் ஐந்து கிருதிகள் பாடினார். அவருடைய சீடர் வீணை குப்பையர் வடசென்னைக்காரர். இத்தனை பெருமை இருக்கும் பகுதியின் பிள்ளைகளுக்கு, இது வேறு யாருடைய இசையோ என்ற எண்ணம் வந்திருப்பது நம் தவறு. 1949இல் திராவிட முன்னேற்றக் கழகத்தின் தொடக்கப் பொதுக்கூட்டம் நடந்த ராபின்சன் பூங்கா ராயபுரத்தில்தான் இருக்கிறது. பெருங்கூட்டத்தைப் பார்த்த அந்த இடத்தில் ஒரு நாகஸ்வரக் கச்சேரிக்கு இடமில்லாமல் போகாது.

ஏற்பாடு எளிமையாக இருக்கட்டும். நாகஸ்வரத்துக்கு மைக்கே தேவையில்லை. வாய்ப்பாட்டுக்கும் வீணைக்கும் சிறிய ஒலிபெருக்கி போதும்; காதைப் பிளக்கும் பெட்டிகளை அடுக்கினால் பக்கத்து வீட்டுக்காரர்களே முதல் எதிரிகளாகிவிடுவார்கள். எட்டரைக்குள் முடித்துவிடலாம். அரசு இசைக் கல்லூரி, மாவட்ட அரசு இசைப் பள்ளி மாணவர்களுக்கு முதல் அரைமணி நேரத்தைக் கொடுங்கள். தேவாரம் பாடும் ஓதுவார்களையும் அழையுங்கள்.

ஒன்றை மட்டும் வற்புறுத்திக் கேட்கிறேன்: வரவேற்புரை, வாழ்த்துரை, பொன்னாடை எதுவும் வேண்டாம். யார் வாசிக்கிறார்கள், என்ன வாசிக்கப்போகிறார்கள் என்று ஒரு கரும்பலகையில் எழுதி வாசலில் வைத்தால் போதும். ராகத்தின் பெயரைப் படித்துவிட்டுக் கேட்கும் சிறுவனுக்கு அடுத்த வாரம் அது அடையாளம் தெரியும்.

சன்மானத்தை அன்றிரவே கொடுத்துவிடுங்கள். வெளியூரிலிருந்து வரும் குழுவுக்குப் பயணச் செலவையும் சேர்த்துக் கொடுங்கள். குடிநீரும், பூட்டாத கழிப்பறையும், முதியவர்களுக்கு நூறு நாற்காலிகளும் இருந்தால் மற்றவர்கள் புல்லில் உட்கார்ந்துகொள்வோம். வரும் நிதிநிலை அறிக்கையில் இதற்கென ஒரு தலைப்பும் தொகையும் ஒதுக்கி அறிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வடசென்னை இசை ரசிகர் ஒருவர்