பழைய பதிவேட்டைத் தூக்கிப் போடாதீர்கள்: நூற்றாண்டு காணும் ஊர்ப்பள்ளிகளுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டு ஊர்ப்புறப் பள்ளிகளின் தலைமை ஆசிரியர்களுக்கும் பள்ளி மேலாண்மைக் குழுவினருக்கும் வணக்கம்.

நூற்றாண்டு விழா என்றால் சுவருக்கு வெள்ளையடிப்பீர்கள், மேடை போடுவீர்கள், பழைய மாணவர்களில் டாக்டரானவரையும் கலெக்டரானவரையும் தேடிப் பிடித்துப் பொன்னாடை போர்த்துவீர்கள். நல்லதுதான், செய்யுங்கள். அதோடு இன்னொரு வேலையும் செய்யச் சொல்லிக் கேட்கத்தான் எழுதுகிறேன். பீரோவின் அடித்தட்டில் கிடக்கும் 1950களின் சேர்க்கைப் பதிவேட்டை வெளியே எடுங்கள்.

நான் ஓய்வு பெற்ற ஆசிரியர். போன வருடம் ஒரு பள்ளியில் அப்படியொரு பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தேன். ஓரமெல்லாம் கரையான் தின்ற தடித்த நோட்டு, மை பழுப்பேறிப் போயிருந்தது. பெயர், தகப்பனார் பெயர், தொழில், சேர்ந்த தேதி, நீங்கிய தேதி, நீங்கிய காரணம் என்று கட்டங்கள். பாதிப் பிள்ளைகள் மூன்றாம் வகுப்பைத் தாண்டவில்லை. காரணம் எழுதும் கட்டத்தில் 'வறுமை', 'மாடு மேய்க்க', 'தாயார் இறந்தபடியால்'. ஒரு பெண் பிள்ளைக்கு நேரே 'வயதுக்கு வந்தபடியால்'. இப்படியே போய், பக்கத்தின் அடியில் ஒரே ஒரு பெயருக்கு நேரே சிவப்பு மையில் 'இ.எஸ்.எல்.சி. தேர்ச்சி' என்று இருந்தது, அதாவது எட்டாம் வகுப்பு இறுதித் தேர்வில் தேர்ச்சி. எழுதிய தலைமை ஆசிரியர் அதன் கீழே இரண்டு கோடு இழுத்திருந்தார். அந்த மனுஷர் அன்றைக்கு எவ்வளவு பூரித்திருப்பார் என்று எனக்குப் புரிந்தது.

எட்டாம் வகுப்புத் தேர்ச்சி என்பது இன்று யாரும் பேசாத விஷயம். 1951 கணக்கெடுப்பின்போது சென்னை மாகாணத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குத்தான் எழுதப் படிக்கத் தெரியும். பெண்களில் பத்தில் ஒருவர். அன்றைக்கு எட்டாவது தேறியவர் பயிற்சி முடித்துத் தொடக்கப் பள்ளி ஆசிரியராகவே ஆகலாம். அப்படி ஆனவர்கள்தான் அடுத்த தலைமுறைக்கு அரிச்சுவடி சொல்லிக்கொடுத்தார்கள். அந்தச் சிவப்பு மைப் பெயர்களை விட்டுவிட்டு உங்கள் சாதனைப் பலகை தொடங்கக் கூடாது.

அந்தப் பெயருக்குரிய அம்மாவைத் தேடிப் போனேன். எண்பதைத் தாண்டிவிட்டார், நினைவு மங்கவில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் கோவை இலையும் அடுப்புக்கரியும் சேர்த்து அரைத்துக் கரும்பலகைக்குப் பூசுவது பெரிய வகுப்புப் பிள்ளைகளின் வேலையாம். "கையெல்லாம் கரியாயிடும், மறுநாள் சோறு திங்கும்போதும் கோவை இலை வாசம் வரும்" என்று விரல்களை விரித்துக் காட்டினார். பரீட்சை எழுத வேறு ஊருக்குத் தகப்பனாரோடு நடந்தே போயிருக்கிறார். பிறகு முப்பத்தைந்து வருடம் டீச்சர் வேலை. பள்ளியிலிருந்து இதுவரை ஒருவர்கூட அவரை வந்து பார்த்ததில்லை.

அந்தப் பத்தாண்டில் பள்ளிக்கூடத்தைச் சுற்றி நடந்ததெல்லாமும் அந்த பீரோவுக்குள் இருக்கலாம். 1953இல் ராஜாஜி கொண்டுவந்த அரை நாள் பள்ளித் திட்டம் அடுத்த வருடமே காமராஜர் ஆட்சியில் கைவிடப்பட்டது. 1956இல் மதிய உணவு வந்தது. தொடக்கத்தில் ஊர் மக்கள் கொடுத்த அரிசியிலும் பருப்பிலும்தான் உலை கொதித்தது. அப்புறம் அரசு பங்கு போட்டபோதும் ஊரின் பங்கு நிற்கவில்லை. கல்வித்துறை இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு முன்னின்று நடத்திய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் பெஞ்சும் சிலேட்டும் கட்டடமும் கொடுத்தவர்கள் எத்தனையோ பேர். யார் ஒரு மரக்கால் நெல் அளந்தார், யார் ஒரு கடிகாரம் வாங்கி மாட்டினார் என்று நன்கொடை நோட்டு இருந்தால் அதையும் தேடுங்கள். இன்ஸ்பெக்டர் வந்து எழுதிவிட்டுப் போன பார்வைப் புத்தகம் கிடைத்தால் அதிர்ஷ்டம்தான்.

அவசரப்படுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. ஒரு பள்ளியில் வண்ணம் பூச அறையை ஒழித்தபோது, இப்படிப்பட்ட கட்டு ஒன்றைப் பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போட்டுவிட்டார்கள். விஷயம் தெரிந்து நான் போய்க் கேட்பதற்குள் லாரி ஏறிப் போய்விட்டது. இன்னும் வயிற்றெரிச்சல் தீரவில்லை. போட்டவர் கெட்டவர் இல்லை, அது என்ன என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

அதனால் ஒரு நிழலான இடத்தில் மேஜை போட்டு, ஒவ்வொரு பக்கத்தையும் செல்போனிலேயே படம் எடுத்துவிடுங்கள். பெரிய வகுப்புப் பிள்ளைகளை உடன் வைத்துக்கொள்ளுங்கள், தாத்தா பாட்டி பெயரைப் பார்த்ததும் அவர்கள் முகத்தைப் பாருங்கள். ஒன்று மட்டும் கவனம். பதிவேட்டில் சாதிக்கு ஒரு கட்டம் இருக்கும், நீங்கிய காரணத்தில் குடும்பத்து வேதனை இருக்கும். அவற்றை விழாவில் பார்வைக்கு வைக்க வேண்டாம். பலகையில் பெயரும் ஆண்டும் போதும், அதுவும் உரியவரிடமோ வீட்டாரிடமோ கேட்டுவிட்டு.

1950இல் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தவருக்கு இப்போது எண்பது வயதுக்கு மேல். விழாத் தேதி குறிக்கும்வரை காத்திருக்காமல் இந்த வாரமே இரண்டு பேர் கிளம்பி அவர்கள் வீட்டுத் திண்ணையில் போய் உட்காருங்கள். போகும்போது அந்தப் பக்கத்தின் நகலைக் கையில் எடுத்துப் போங்கள். நான் கொண்டுபோன நகலில் அந்தச் சிவப்புக் கோட்டைத் தடவிப் பார்த்துவிட்டு, "எங்க சாரு கையெழுத்து" என்றார் அந்த அம்மா.

அன்புடன்,
ஓய்வு பெற்ற ஓர் ஆசிரியர்