பாப்பாவுக்கு, கூச்சிங் போய்வந்த அப்பா எழுதுவது

அன்புள்ள பாப்பா,

நலமா? அங்கே குளிர் ஆரம்பித்திருக்கும். காதை மூடிக்கொண்டு வெளியே போ. அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. தைலம் தேய்த்தால் கொஞ்சம் தேவலை என்கிறாள்.

நீ போனில் "ஓகேப்பா" என்று மட்டும் அனுப்புகிறாய். அதனால்தான் பேனாவை எடுத்தேன். தீபாவளிக்குக்கூட மூன்றாம் நாள்தான் பேசினாய். வேலை இருந்திருக்கும், சரி. நேரத்துக்குச் சாப்பிடு.

போன மாதம் பென்ஷன் சங்கத்து ஆட்களோடு கூச்சிங் போய்வந்தேன். நம் மலேசியாவுக்குள்ளேயே அடையாள அட்டையைக் காட்டித்தான் கூச்சிங் இருக்கிற சரவாக் மாநிலத்துக்குள் நுழைய வேண்டும். மலாயில் ஊர் பெயரே பூனை என்பதால் எங்கே திரும்பினாலும் பூனைச் சிலைதான். பாடுங்கான் பக்கம் பெரிய வெள்ளைப் பூனை ஒன்று கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது. சீனப் பெருநாள் வந்தால் அதற்குச் சிவப்புச் சட்டை போட்டுவிடுவார்களாம். நீ பார்த்திருந்தால் அங்கேயே நின்றிருப்பாய்.

பூனைக்கென்றே ஒரு மியூசியமும் இருக்கிறது, பெத்ரா ஜெயாவில், புக்கிட் சியோல் குன்றின் மேல். மாநகர் மன்றக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் 1993-இல் திறந்திருக்கிறார்கள். வாசலே பூனையின் வாய், அதற்குள் நுழைந்துதான் போக வேண்டும். உள்ளே சிலை, ஓவியம், ஜப்பான்காரர்கள் கடையில் வைக்கிற கையாட்டும் பூனை என்று ஆயிரக்கணக்கில் இருக்கிறது. எகிப்திலிருந்து வந்த பூனை மம்மியும் உண்டு. எங்களோடு வந்த பழைய வாத்தியார் அதைப் பார்த்துவிட்டு ஒன்று சொன்னார். அந்தக் காலத்து எகிப்தில் வீட்டுப் பூனை செத்தால் வீட்டில் உள்ளவர்கள் எல்லோரும் புருவத்தை மழித்துக்கொள்வார்களாம். எரோடோட்டஸ் என்ற கிரேக்கர் எழுதி வைத்திருக்கிறாராம்.

போர்னியோக் காட்டில் ஐந்து வகைப் பூனைகள் இருக்கின்றன. அதில் ஒன்று செம்பழுப்பு நிறம். உலகத்தில் வேறெங்கும் கிடையாது, காட்டுக்குள்ளேயே இருப்பவர்கள் கண்ணிலும் அது படுவது அபூர்வம் என்றார்கள். நிறத்தைச் சொன்னதும் எனக்கு நம் செம்பா ஞாபகம் வந்துவிட்டது. அதற்குப் பிறகு மற்றவற்றைச் சரியாகப் பார்க்கவில்லை, வெளியே வந்து படியில் உட்கார்ந்துவிட்டேன்.

பாப்பா, செம்பா ஓடிப்போகவில்லை.

பாட்டிக்குச் சகுனம் பிடிக்காமல் விரட்டிவிட்டார்கள் என்று பிறகு உன்னிடம் சொன்னோம். அதுவும் பொய். பாட்டி அதற்குத் திருட்டுத்தனமாக நெத்திலி போட்டவள். தவணையில் வாங்கிய சோபாவை அது கிழித்துவிட்டது. எனக்கு அந்த மாதம் ஓவர்டைம் இல்லை. நீ பள்ளிக்கூடம் போனதும் அதைக் கோணியில் போட்டு, மோட்டார் சைக்கிளின் முன்னால் வைத்துக்கொண்டு போய், மார்க்கெட்டில் மீன் கடைகளுக்குப் பின்னால் விட்டுவிட்டு வந்தேன். வழி நெடுக அது கத்தவே இல்லை. கோணி மட்டும் என் முழங்காலில் சூடாக இருந்தது.

நீ மைலோ டின்னில் அரிசியைப் போட்டு ஆட்டிக்கொண்டு ஒன்பது நாள் சந்து சந்தாகத் தேடினாய். நான் திண்ணையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். அதற்கு அப்புறம் எதையும் என்னிடம் வந்து நீ சொன்னதில்லை. பரீட்சை மார்க்கைக்கூட அம்மா மூலமாகத்தான் தெரிந்துகொள்வேன். பிள்ளை வளர்ந்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன். தப்பு என்னுடையது, பாப்பா.

அத்தையிடம் உன்னைப் பற்றிப் பெருமையாகத்தான் பேசுகிறேன். பட்டம் வாங்கிய படம் இன்னும் கூடத்தில்தான் இருக்கிறது. கல்யாணப் படமும் பக்கத்தில் இருக்கிறது. அதை எடுக்க வேண்டுமென்றால் சொல், எடுத்துவிடுகிறேன். ஏன் என்று கேட்க மாட்டேன்.

காதை மூடிக்கொள். இரவில் கதவைப் பூட்டிவிட்டுப் படு. கையில் பணம் இருக்கிறதா?

அம்மா அனுப்பிய முறுக்குப் பார்சல் திரும்பி வந்துவிட்டது. அந்த வீட்டில் அப்படி யாரும் இல்லை என்று எழுதியிருந்தது. அம்மாவிடம் நான் காட்டவில்லை, சாமி மேடைக்குக் கீழே வைத்திருக்கிறேன். எந்த விலாசமானாலும் சரி, ஒன்று அனுப்பு. புதிதாகச் சுடச் சொல்கிறேன்.

அப்பா