கட்டைப் பெட்டியை விற்காதே, அண்ணா

அண்ணா,

நம் தெருக்கூத்துக் கட்டைப் பெட்டியை விலை பேசிவிட்டாய் என்று உன் பெரியவன் நேற்று ராத்திரி வாட்ஸப்பில் அனுப்பினான். வேஷத்துக்குக் கட்டுகிற மரச் சாமான், கிரீடம், புஜக்கட்டை, மார்ப்பதக்கம் எல்லாம் திண்ணையில் பரப்பி ஒரு போட்டோ. ஏதோ ஓட்டல் வரவேற்பறையில் மாட்டப் போகிறார்களாம். போனில் பேச எனக்கு வாய் வராது, அதனால் எழுதுகிறேன். நாலு பேர் படிக்கிற இடம் இது. நமக்குள் இருக்கிற பங்குத் தகராறை இங்கே தொட மாட்டேன்.

“இந்தக் கூத்தை விட்டுத் தொலை” என்று 2020இல் சொன்னவன் நான்தான். பங்குனியில் ஊரடங்கு வந்து, ஆடி வரைக்கும் கூத்துக்குப் பேசியிருந்த ராத்திரிகள் எல்லாம் போயின. ஜமாவில், நம் கூத்துக் குழுவில், பாதிப் பேர் செங்கல் சூளைக்குப் போனார்கள். அப்போது வேறென்ன சொல்லியிருக்க வேண்டும்? நான் ஒரகடம் கம்பெனிக்குப் போனதால்தான் அந்த வருஷம் அம்மாவுக்கு மாத்திரை வாங்க முடிந்தது. சரி, சொல்லிக்காட்ட வரவில்லை. நான் ஊதுகிற முகவீணைக் குழலைப் பரணில் போட்டுவிட்டு உன்னைச் சபையில் தனியாக நிறுத்தினேனே, அது தப்பு.

அந்தக் கருமாதிக் கூத்து. ஊர்ப் பெயரை எழுதவில்லை, அங்கேயும் படிக்கிறவர்கள் உண்டு. கர்ணன் சாகிற கர்ண மோட்சம், நீதான் கர்ணன். செத்தவரின் மகன் நாற்காலியில் கால்மேல் கால் போட்டு, போனையே பார்த்துக்கொண்டிருந்தார். கர்ணனும் பெண்டாட்டி பொன்னுருவியும் போடுகிற சண்டை முடிந்ததும் பாதிப் பந்தல் காலி. மூணு மணிக்கு ஒரு கிழவி, பாயில் தூங்குகிற பிள்ளைகள், இரண்டு நாய். விருத்தத்தைச் சுருக்கச் சொல்லிக் கண் காட்டினேன். பார்த்தாய். பார்த்துவிட்டு வேண்டுமென்றே இன்னும் ஒரு அடவு கூட்டினாய். எரிச்சலில் நான் சுருதி விட்டேன்.

தர்மத்தையெல்லாம் கிருஷ்ணனுக்குத் தாரை வார்த்துவிட்டு நீ மண்ணில் சாய்ந்தபோது கிழக்கு வெளுத்திருந்தது. குந்தி உன் தலையை மடியில் எடுத்தாள். அந்த மகன் எழுந்து வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு, உன் சலங்கைக் காலைப் பிடித்துக்கொண்டு “அப்பா” என்றார். நீ அசையவில்லை. நெஞ்சு மட்டும் ஏறி இறங்கியது. அவர் காலை விடுகிற வரைக்கும் ஊதிக்கொண்டே இருந்தேன். முகாரியில்தான் தொடங்கினேன், அப்புறம் என்ன ஊதினேன் என்று தெரியாது.

அதே ஆள் கணக்கு முடிக்கும்போது இரண்டாயிரம் குறைத்தார். “கூத்தாடிக்கு இவ்வளவு போதாதா?”

வேனில் நான் திட்டிக்கொண்டே வந்தேன். நீ தேங்காய் எண்ணெய் தடவி அரிதாரத்தைத் துடைத்தபடி, “மூணு மணி விருத்தத்துல சுருதி விட்டியே, ஏன்?” என்றாய். அவ்வளவுதான் உனக்கு. வீட்டில் அரிசி இல்லை, உனக்குச் சுருதி! அந்த நிமிஷம் உன்னை வெறுத்தேன். அண்ணியும் வெறுத்திருப்பாள், சொல்ல மாட்டாள்.

அந்த ஆள் அழுததும் நிஜம், குறைத்ததும் நிஜம். இரண்டையும் நேர் செய்ய எனக்கு இன்னும் தெரியவில்லை. ஆனால் மதித்தால்தான் ஆடுவேன் என்று நம் ஆட்கள் யார் இருந்தார்கள்? கூத்துப்பட்டறை நாடகக் குழு நடத்திய ந. முத்துசாமி மாதிரி பட்டணத்து ஆட்கள் பார்த்து வியந்த பிறகா கூத்து வாத்தியார் புரிசை கண்ணப்பத் தம்பிரான் ஆடத் தொடங்கினார்? அதற்கு முன்னாலும் விடிய விடிய ஆடிக்கொண்டுதான் இருந்தார். நீ நிறுத்தினால் ஊருக்கு உறைக்காது, ரெக்கார்டு டான்ஸ் வைத்துக்கொள்வார்கள். உனக்குத்தான் தூக்கம் வராது. எனக்கு நைட் ஷிப்டில் மூணு மணியானால் விரல் தானாகத் துளையைத் தேடுகிறது. மெஷின் முன்னால் நின்றுகொண்டு! சூப்பர்வைசர் ஒரு மாதிரி பார்க்கிறார்.

ஓட்டல்காரர் கொடுத்த முன்பணத்தைத் திருப்பிக் கொடு, நான் அனுப்புகிறேன். பங்குக் கணக்கில் சேர்க்காதே. இடது புஜக்கட்டையில் கண்ணாடி உதிர்ந்திருக்கிறது, போட்டோவில் பார்த்தேன். ஒட்டி வை. கூத்துப் பேச யாராவது வெற்றிலை பாக்கு கொண்டுவந்தால் வாங்கிக்கொள். முகவீணைக்குச் சீவாளி புதிதாக இரண்டு வாங்கிவிட்டேன். சனிக்கிழமை ராத்திரி எனக்கு ஷிப்ட் கிடையாது.

தம்பி