சந்தா கட்டியாச்சு, பாஸ்வேர்ட் யாரிடம் இருக்கிறது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் அரசு கலைக் கல்லூரி ஒன்றில் உதவிப் பேராசிரியர். அரசு உயர்கல்வி நிறுவனங்கள் ஆய்விதழ்களைப் படிக்க மத்திய அரசே மொத்தமாகச் சந்தா கட்டும் 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்துக்கு 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. மூன்று ஆண்டுக்கு 6,000 கோடி ரூபாய், 30 பதிப்பகங்கள், கிட்டத்தட்ட 13,000 ஆய்விதழ்கள். நல்ல காரியம்தான், குறை சொல்லவில்லை. ஆனால் எங்கள் ஊரில் நடப்பதைக் கேளுங்கள்.

போன மாதம் எங்கள் துறையின் மூத்த பேராசிரியர் ஓர் ஆய்வுக் கட்டுரையைப் படிப்பதற்காக பஸ் ஸ்டாண்டு பக்கத்து பிரவுசிங் சென்டருக்குப் போயிருக்கிறார். அங்கிருந்த பையன் "பணம் கேக்குது சார், 35 டாலர்" என்று சொல்ல, துண்டுச் சீட்டோடு என்னிடம் வந்தார். ஆய்வுக் கட்டுரைகளைத் தேடும் கூகுள் ஸ்காலர் தளத்தில் தலைப்பைப் போட்டு, கீழே பிற பதிப்புகளைக் காட்டும் இடத்தைச் சொடுக்கினால், கட்டுரையாளரின் பல்கலைக்கழகத் தளத்திலேயே பிடிஎஃப் இலவசமாகக் கிடக்கிறது. இரண்டே நிமிடம். "இதை ஏன்யா இத்தனை வருஷமா யாரும் சொல்லித் தரல?" என்றார். பிஎச்.டி.க்கு வழிகாட்டுபவர், ஓய்வுக்கு இன்னும் இரண்டு வருடம்.

சரி, கல்லூரியிலேயே படிக்கலாமே என்றால், இணையம் முதல்வர் அறையைத் தாண்டி வருவதில்லை. நாங்கள் வேப்பமரத்தடியில் செல்போன் ஹாட்ஸ்பாட் போட்டு உட்காருகிறோம், கல்லூரி இணைப்பு இல்லாததால் அதில் சந்தா இதழ்கள் திறக்காது. வீட்டிலிருந்து படிக்க இன்ஃபெட் (கல்லூரிக்கு வெளியிலிருந்து உள்நுழையும் வசதி) பயனர்பெயர் வேண்டும், அதை நூலகர் வழியாக வாங்க வேண்டும், நூலகர் பணியிடமோ காலி. பொறுப்பு பார்க்கும் தமிழ்த்துறை நண்பரைக் கேட்டால், பாஸ்வேர்ட் யாரிடம் இருக்கிறது என்று அவரே தேடிக்கொண்டிருக்கிறார்.

இந்த இடைவெளியில்தான் "48 மணி நேரத்தில் பிரசுரம்" என்று வாட்ஸ்அப்பில் வந்து, காசு வாங்கிக்கொண்டு நம் கட்டுரையை இதழில் போடுபவர்கள் பிழைக்கிறார்கள். ஒரு நண்பர் 3,500 ரூபாய் கட்டினார். அந்த இதழின் தளமே இப்போது இல்லை. பல்கலைக்கழக மானியக் குழுவும் (யூஜிசி), தரமான ஆய்விதழ்களுக்கென்று வைத்திருந்த கேர் பட்டியலை 2025 பிப்ரவரியில் கைவிட்டுவிட்டது, எது நல்ல இதழ் என்று இனி நாமே பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டுமாம். பார்க்கத் தெரிந்தால்தானே!

பதவி உயர்வுக்காக ஆசிரியர்களுக்கான புத்தொளிப் பயிற்சிக்கு (ரெஃப்ரெஷர் கோர்ஸ்) போகிறோம். நான் போனதில் இணைய வளங்கள் பற்றி இரண்டு மணி நேரம் பிபிடி ஓடியது, ஒருவர்கூட மவுஸைத் தொடவில்லை. அதற்குப் பதிலாக அரை நாள், ஆளுக்கொரு கணினி, அவரவர் ஆய்வுத் தலைப்பையே தமிழில் விளக்கித் தேட வைத்தால் போதும். அப்புறம், காலியாக இருக்கும் கல்லூரி நூலகர் பணியிடங்களை நிரப்புங்கள். உயர்கல்வித் துறையிடம் நான் கேட்பது இந்த இரண்டுதான்.

இப்படிக்கு,
ஓர் உதவிப் பேராசிரியர்