குழந்தையின் மஞ்சள் மலம் நோயல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குடல் நுண்ணுயிர்கள் குறித்துத் தங்கள் நாளிதழில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். தயிர், பழைய சோறு என்று பெரியவர்களுக்கு விரிவாக எழுதியவர் கைக்குழந்தைகளைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. காங்கேயம் பக்கம் கிராம சுகாதார செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். விட்டுப்போனதை எழுதாமல் இருக்க மனம் வரவில்லை.

பிரசவமாகி அம்மா வீட்டுக்கு வந்திருக்கும் பெண்ணைப் பார்க்கப் போனால், அவளுடைய தாயார் முதலில் கொண்டுவந்து காட்டுவது குழந்தையின் ஈரத்துணியைத்தான். "ஏனுங்க சிஸ்டர், வயிற்றுப்போக்குங்களா?" துணியில் தளர்ந்த மஞ்சள் மலம், நடுவே வெள்ளைத் திப்பிகள், முகர்ந்தால் லேசான புளிப்பு வாடை. இதைக் கண்டு பயந்துதான் கிரைப் வாட்டர் வாங்குகிறார்கள், வசம்பு உரசுகிறார்கள், தாய்ப்பால் சேரவில்லை என்று முடிவுகட்டி டின் பாலுக்குப் போகிறார்கள்.

அந்தப் புளிப்பு எங்கிருந்து வருகிறது? தாய்ப்பாலில், தண்ணீர் நீங்கலாக, லாக்டோஸ் என்ற பால் சர்க்கரை, கொழுப்பு ஆகியவற்றுக்கு அடுத்து அதிகம் இருப்பது ஒருவகைக் கூட்டுச் சர்க்கரைகள். சுமார் 200 வகை கண்டறியப்பட்டுள்ளன. பிந்தைய பாலைவிடச் சீம்பாலில் இவை கூடுதல்; பசும்பாலில் மிகச் சொற்பம். வியப்பு என்னவென்றால், இவற்றைச் செரிக்கும் நொதி குழந்தையிடம் கிடையாது. அப்படியே பெருங்குடலுக்குப் போய்ச் சேருகின்றன. அங்கே இவற்றைத் தின்று வாழ்கிறது பிஃபிடோபாக்டீரியம் என்ற நுண்ணுயிர். 1899-இல் பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தில் ஆன்ரி டிசியே தாய்ப்பால் குடித்த குழந்தையின் மலத்தில் கண்டெடுத்தது இதைத்தான். இதில் இன்ஃபான்டிஸ் என்ற பிரிவு அந்தச் சர்க்கரைகளை முழுசாக உள்ளே இழுத்துச் செரிப்பதற்கென்றே தனி மரபணுக்களைப் பெற்றிருக்கிறது. செரித்துவிட்டு லாக்டிக் அமிலத்தையும் அசெட்டிக் அமிலத்தையும் வெளியிடுகிறது. குடல் புளிக்கிறது, அந்தப் புளிப்பில் பல கெட்ட கிருமிகளால் பெருக முடிவதில்லை. பாட்டிமார் பயந்த வாடை குழந்தையின் காவல்.

தாய் தன் உடம்பை உருக்கிச் சுரக்கும் பாலில் ஒரு பங்கு குழந்தைக்கே அல்லாமல் இந்த நுண்ணுயிருக்கு என்றால், இந்த உறவு நேற்று வந்ததாக இருக்க முடியாது. 2016-இல் சயன்ஸ் என்ற அறிவியல் இதழில் வந்த ஆய்வு மனிதனுடைய குடல் நுண்ணுயிர்களைச் சிம்பன்சி, போனபோ, கொரில்லா ஆகிய வாலில்லாக் குரங்குகளின் குடல் நுண்ணுயிர்களோடு ஒப்பிட்டது. இந்த இனங்கள் கிளை பிரிந்தபோது பிஃபிடோ குடும்பமும் கூடவே கிளை பிரிந்து வந்திருக்கிறது. ஒன்றரைக் கோடி ஆண்டுத் துணை. ஆனால் 2022-இல் அதே இதழில் வந்த இன்னோர் ஆய்வின்படி, தான்சானியாவின் ஹாட்சா வேடர்களின் குழந்தைகளிடம் மலிந்திருக்கும் இன்ஃபான்டிஸ், தொழில்மயமான நாடுகளின் குழந்தைகளிடம் அருகிவருகிறது.

நாமும் அந்த வழியில்தான் போகிறோம் என்று அஞ்சுகிறேன். 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்குச் சுமார் 45 பிரசவம் சிசேரியன். தாய் உயிரைக் காக்கும் அறுவையைக் குறை சொல்லமாட்டேன். ஆனால் அறுவையில் பிறக்கும் குழந்தைக்குத் தாயிடமிருந்து நுண்ணுயிர்கள் போய்ச்சேரும் வழியும் மாறிவிடுகிறது, தாய்க்கு ஆன்டிபயாடிக்கும் போடுகிறார்கள். அந்தக் குழந்தைக்குத் தாய்ப்பால் இன்னும் அவசியம். முதுகில் ஊசி போட்டுச் செய்த சிசேரியன் என்றால் தாய் விழித்துத்தான் இருக்கிறாள். ஒரு மணி நேரத்துக்குள் பிள்ளையை மார்பில் போடலாம். நான் கண்ட பல தனியார் மருத்துவமனை அறைகளில் தாய் படுத்திருப்பாள், ஜன்னல் விளிம்பில் பிரித்த டின்னும் பாலாடையும் இருக்கும். பெரியவர் ஒருவர் சேனைத் தண்ணீரும் தொட்டு வைத்திருப்பார். வீட்டு மாடு கன்று போட்டால், கன்று சீம்பால் குடித்ததா என்று நள்ளிரவில் விளக்கெடுத்துக்கொண்டு தொழுவத்துக்குப் போய்ப் பார்க்கும் ஊர் நம்முடையது. பேரப்பிள்ளைக்கு மட்டும் ஏன் சர்க்கரைத் தண்ணீர்?

கடையில் விற்கும் புரோபயாடிக், அதாவது நல்ல நுண்ணுயிர் அடங்கிய, சொட்டு மருந்தை வாங்கிப் புகட்டச் சொல்லி இதை எழுதவில்லை. ஒடிசா கிராமங்களில் 4,556 குழந்தைகளுக்கு ஒரு நல்ல பாக்டீரியாவைக் கொடுத்துப் பார்த்த ஆய்வில், ரத்தத்தில் கிருமித் தொற்றும் இறப்பும் சேர்ந்து 9 விழுக்காட்டிலிருந்து 5.4 ஆகக் குறைந்தது உண்மை. அது ஆய்வாளர் மேற்பார்வையில், தாய்ப்பால் குடித்துக்கொண்டிருந்த குழந்தைகளுக்குக் கொடுத்தது. மலம் தண்ணீராகப் பீறிட்டாலோ, ரத்தம் கலந்தாலோ, காய்ச்சல் கண்டாலோ, குழந்தை பால் குடிக்க மறுத்தாலோ அன்றே மருத்துவரிடம் போங்கள்.

டின் பாலை விளம்பரம் செய்யவோ இலவச மாதிரி தரவோ கூடாது என்று 1992 முதல் சட்டம் உண்டு. மாவட்ட அதிகாரிகள் பிரசவ வார்டுகளுக்கு நேரில் போய் அதைச் சோதிக்க வேண்டும். இன்னொன்று, எனக்கு மிகவும் மனம் நோகும் விஷயம். ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் என்று நாங்கள் வீடு வீடாகச் சொன்னோம். 2017-இல் மகப்பேறு விடுப்பும் 26 வாரமானது. ஆனால் திருப்பூர் பனியன் கம்பெனியில் பீஸ் ரேட்டுக்கு, அதாவது உருப்படிக் கணக்கில் கூலிக்கு, பிசிறு வெட்டும் பெண்ணும், சோமனூர், பல்லடத்தில் விசைத்தறி ஓட்டும் பெண்ணும் கைக்குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு மூன்றாம் மாதமே வேலைக்குத் திரும்புவதைப் பார்த்திருக்கிறேன். வருகைப் பதிவேட்டில் பெயர் இல்லாதவளுக்கு விடுப்பு யார் தருவார்கள்? தொழிலாளர் துறையும் கம்பெனி முதலாளிகளின் சங்கங்களும் இந்தப் பெண்களின் பெயரைப் பதிவேட்டில் ஏற்றி, அந்த 26 வாரச் சம்பளத்தைக் கொடுக்க வழி செய்ய வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கிராம சுகாதார செவிலியர்,
காங்கேயம் வட்டம், திருப்பூர் மாவட்டம்.