ஒரு புள்ளி கூடுதல்

திருப்பாதிரிப்புலியூர்

அன்புள்ள மல்லிகா,

முட்டி வலி இப்போது தேவலையா? அம்மாவைப் பாடலீஸ்வரர் கோயிலுக்கு அழைத்துப் போயிருந்தேன், உன்னைத்தான் விசாரித்தாள். இங்கே எல்லோரும் நலம். எனக்குத்தான் ஒரு வாரமாக மனசு சரியில்லை.

கயல் வகுப்பு வாட்ஸ்அப் குரூப் என் போனில்தான் இருக்கிறது. போன வாரம் பார்த்தால் இரண்டு குரூப். ஒரே பெயர், ஒரே படம். ஒன்றில் மட்டும் பெயருக்குப் பின்னால் ஒரு புள்ளி கூடுதல். புள்ளி வைத்ததில் ஓயாத பேச்சு. புள்ளி இல்லாததில் ஒரே ஒரு பெண் எழுதிக்கொண்டிருக்கிறாள்: 'நாளைக்கு மேக்ஸ் நோட் கொண்டு வரணுமா?' மறுநாள், 'யாராவது சொல்லுங்கப்பா.' அப்புறம் வெறும் 'ஹாய்.' யாரும் பதில் போடவில்லை.

கயலைக் கேட்டதற்கு, "நான் ஆரம்பிக்கலம்மா. பதில் போட்டா அடுத்து என்னைத் தூக்கிடுவாங்க" என்றாள். ஒன்பதாவது படிக்கும் பிள்ளை முகத்தில் அவ்வளவு பயம்.

எனக்கு நம்மோடு படித்த தேவனாம்பட்டினத்துப் பிள்ளை ஞாபகம் வந்துவிட்டதுடி. விடியற்காலையில் அம்மாவோடு மீன்கூடை தூக்கிவிட்டு வருவாளே, எலுமிச்சைத் தோலால் தேய்த்த கையை வாசலிலேயே ஒரு தடவை முகர்ந்து பார்த்துவிட்டு உள்ளே நுழைவாளே. 'கருவாடு' என்று பெயர் வைத்தது நாமில்லை. ஆனால் சிரித்தோம். முதல் பெஞ்சில் நமக்கு இருந்த இடம் போய்விடக்கூடாதே என்று சிரித்தோம். அரையாண்டுக்கு அப்புறம் அவள் வரவே இல்லை. வீட்டில் நிறுத்திவிட்டார்கள் என்று டீச்சர் சொன்னதும் நமக்கு வசதியாகப் போயிற்று.

நார்வேயில் ஓல்வியஸ் என்ற உளவியலாளர் பள்ளிப் பிள்ளைகள் ஒருவரைச் சீண்டி ஒதுக்குவதை 1970களிலேயே ஆராய்ந்திருக்கிறார். வேண்டுமென்றே, திரும்பத் திரும்ப, எதிர்த்து நிற்க முடியாத ஆளிடம் செய்வது என்று அடையாளம் சொல்கிறார். பின்லாந்தில் துர்கு பல்கலைக்கழகம் உருவாக்கிய 'கிவா' திட்டம் சுற்றி நிற்கும் பிள்ளைகளைத்தான் முதலில் பிடிக்கிறது. அவர்கள் சிரிக்காவிட்டால் சீண்டுகிறவருக்கு வகுப்பில் மவுசு ஏறாது. படிக்கப் படிக்க நம் இரண்டு பேர் முகமும்தான் கண்ணில் நின்றது.

நம் பக்கம் இதில் சாதியும் சேர்ந்துகொள்கிறது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் கூடப் படித்தவர்களே வீடு புகுந்து ஒரு மாணவனையும் தங்கையையும் வெட்டினார்கள். பள்ளியில் அவர்கள் கொடுத்த தொல்லையை அவன் வெளியே சொன்னதுதான் காரணம். அதன் பிறகு அரசு அமைத்த குழுவின் அறிக்கையை நீதிபதி சந்துரு 2024ல் கொடுத்தார். பிள்ளைகளை அகர வரிசையில் உட்காரவைக்கச் சொல்கிறது அது. அன்றைக்கே அப்படி இருந்திருந்தால் அவள் என் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள், மல்லிகா. அவள் பெயரும் 'சு'வில்தானே ஆரம்பிக்கும்.

நேற்று ராத்திரி கயல் தானாகவே போனை வாங்கி, புள்ளி இல்லாத குரூப்பில் கணக்குப் பக்கத்தைப் படம் எடுத்துப் போட்டாள். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, 'தேங்க்ஸ் கயல்' என்று வந்துவிட்டது. மற்றவர்கள் இன்னும் வாய் திறக்கவில்லை. திங்கட்கிழமை வகுப்பு டீச்சரைப் பார்க்கப் போகிறேன். யார் ஆரம்பித்தது என்று கேட்கப் போவதில்லை, எல்லோரையும் ஒரே குரூப்பில் சேர்க்கச் சொல்லப் போகிறேன்.

அந்தத் தேவனாம்பட்டினத்துப் பிள்ளையின் அக்கா துறைமுகம் பக்கம் இருப்பதாக உன் அண்ணன் ஒருமுறை சொன்னாரே. விலாசம் கேட்டு எழுது. அவளை நேரில் பார்க்கவேண்டும். நீ லீவில் வரும்போது என்றால், இரண்டு பேருமாகவே போவோம்.

அன்புடன்,
சுமதி